அண்ணனின் திராட்சை வீடியோக்கள்

என் பாதி ஆயுள் தேனியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில், கம்ப்யூட்டர் முன்னால் கழிந்துவிட்டது. மாணவர்களின் மதிப்பெண், சான்றிதழ், சேர்க்கை விவரம் எல்லாம் என் பொறுப்பு. அதனால் "காப்பி எடுத்தாச்சா?" என்ற கேள்வி என் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. குழம்பு வைத்தால்கூட ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பரிமாறுவேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். குழம்பு தீர்ந்துபோன இரவில் அந்தக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டு வருவதும் அவர்கள்தான்.

ஊருக்கெல்லாம் சொல்லும் எனக்கு, சொந்த அண்ணன் வீட்டில் மட்டும் பேச்சு எடுபட்டதே இல்லை.

அண்ணனுக்கு ராயப்பன்பட்டி பக்கத்தில் திராட்சைத் தோட்டம். பன்னீர் திராட்சை. அவர் முதன்முதலாக ஸ்மார்ட்போன் வாங்கியபோது சின்னமனூர்க் கடைக்காரர் ஒரு மெயில் ஐடி உண்டாக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு எத்தனை போன் வந்தாலும் எல்லாவற்றிலும் அதே ஐடி, அதே பாஸ்வேர்டு. அண்ணன், மதினி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன், மருமகள் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த வீட்டில் பாஸ்வேர்டு தெரியாதது நாய்க்கு மட்டும்தான் என்று ஒருமுறை கோபத்தில் சொன்னேன். அண்ணன் அசரவில்லை.

"ஒரு வீட்டுக்கு ஒரு ரேசன் கார்டுதானத்தா? மெயிலு மட்டும் எதுக்கு ஆளுக்கொண்ணு?"

இப்படிக் கேட்பவரிடம் என்ன பேசுவது? அவருக்கு அது சிக்கனமாகவும் தெரிந்தது, ஒற்றுமையாகவும் தெரிந்தது. தனி ஐடி வைத்துக்கொள்வது தனிக்குடித்தனம் போவதற்குச் சமம் என்று நினைத்தாரோ என்னவோ. விளைவுகள் வேடிக்கையாக இருந்தன. மருமகள் போனில் 'குமுளி வியாபாரி', 'கவாத்து ஆளு', 'மருந்துக் கடை' என்று எண்கள் வரிசை கட்டி நிற்கும். மகனுடைய ஆபீஸ் மீட்டிங்குக்கான மணி, தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருக்கும் அண்ணனின் சட்டைப்பையில் அடிக்கும். மதினி ஒரு மாதமாகப் போனில் பட்டுப்புடவை தேடிக்கொண்டிருந்தது அண்ணனுக்குத் தெரிந்துபோனது. தெரிந்தும் வாங்கித் தரவில்லை என்பது வேறு கதை.

போட்டோக்களும் அப்படித்தான். யார் எதை எடுத்தாலும் எல்லார் போனிலும் தெரியும். அந்த வசதி அவர்களுக்குப் பிடித்திருந்தது. பேத்தி கோயம்புத்தூரில் பல் தேய்ப்பதை மதினி ராயப்பன்பட்டியில் உட்கார்ந்து பார்ப்பார். அதற்கு நடுவே நிறைய திராட்சை.

திராட்சை என்றால் அண்ணன் எடுக்கும் வீடியோக்கள். கொத்து நிறம் பிடிக்கும் பருவத்தில் பந்தலுக்கு அடியில் நடந்துகொண்டே போனை மேலே நிமிர்த்திப் பிடித்து எடுப்பார். கேரளத்திலிருந்து வாங்கும் வியாபாரிகளுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி அனுப்புவார்கள். வீடியோவில் இலை, கொடி, கொத்து, கம்பி மட்டும்தான் இருக்கும். ஓர் ஆள் முகம் வராது. அண்ணன் குரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். "இந்தா பாருங்க, கலரு எப்பிடி ஏறியிருக்கு. ஒரு காயி வெடிச்சிருக்கா பாருங்க. இப்பவே நல்லாப் பாத்துக்கங்க, வண்டி வந்தப்பறம் நொட்டை சொல்லக்கூடாது." அவருடைய பேச்சில் பாதி கொஞ்சல், பாதி மிரட்டல். வியாபாரத்துக்கு அந்தக் குரல்தான் அவருடைய மூலதனம் என்று நினைக்கிறேன்.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. மதுரையில் ஆபரேஷன். உயிர் பிழைக்கக் குரல்வளையை எடுக்க வேண்டியிருந்தது. இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறார். அதன்மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி. தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த இரும்புக் குரலைக் கேட்டுப் பேத்தி வீறிட்டு அழுதாள். அன்றே அதைப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். கைச்சைகை, தலையாட்டல், அவசரத்துக்குப் போனில் நாலு எழுத்து. அவ்வளவோடு அண்ணன் வாழப் பழகிக்கொண்டார். நாங்களும் பழகிவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை காலை மதினி எனக்குப் போன் செய்தார்.

"ஆத்தா, அவுக வீடியோ ஒண்ணுகூடக் காணோம். நேத்து வரைக்கும் இருந்துச்சு."

"எந்த வீடியோ மதினி?"

"தோட்டத்துல எடுப்பாகல்ல, பழத்த."

எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "அந்தப் பழமெல்லாம் வித்து எந்தக் காலமோ ஆச்சு. அந்த வீடியோவ வச்சு இப்ப என்ன செய்யப் போறீக?" என்றேன்.

"அதுலதானத்தா அவுக பேசுறாக" என்றார் மதினி.

நான் லீவு சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று வழக்கமாகத் தூங்கிக்கொண்டே போகும் வழி. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணனின் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். சொற்கள் நினைவுக்கு வந்தன. குரல் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மதினி தினமும் சமைக்கும்போது அந்த வீடியோக்களைச் சன்னமாக ஓடவிட்டுக் கேட்பாராம். அண்ணன் தோட்டத்துக்குப் போன பிறகு. யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் அன்றுதான் தெரியும்.

அண்ணன் போனைத் திறந்து பார்த்தேன். சேமிப்பு இடம் நிறைந்துவிட்டது, இனி மெயில் வராது என்று சில நாட்களாக எச்சரிக்கை வந்திருக்கிறது. கோயம்புத்தூர் மகன், வேண்டாத வீடியோ இருந்தால் அழித்துவிடுங்கள் என்று அப்பாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். நாலு பேர் ஒரே ஐடியில் கிடந்தால் நிறையாமல் என்ன செய்யும்? யார் அழித்தது என்று நான் கேட்பதற்கு முன்பே அண்ணன் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு போனில் எழுதி நீட்டினார்.

'பேத்தி படத்துக்கு எடம் வேணும்ல. என்னோடது எல்லாம் சும்மா பழந்தான.'

குப்பைக்கூடையில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. அழித்தவை கொஞ்ச நாள் அங்கே கிடக்கும், திரும்ப எடுக்கலாம். அதையும் காலி செய்திருந்தார். அழித்த பிறகும் இடம் நிறைந்திருப்பதாகவே போன் காட்டியதாம். தேடிப் பிடித்து அதையும் துடைத்துவிட்டார். கவாத்துக்கு நின்றால் வேண்டாத கணு ஒன்றைக்கூட விடாமல் வெட்டும் கை அது. அரைகுறை வேலை என்பதே அவருக்குத் தெரியாது.

"என் போன்லயும் இருந்துச்சேத்தா. அவுக போன்ல அழிச்சா என்னோடதுல எப்பிடிப் போகும்?" என்று மதினி கேட்டார்.

இதைத்தான் நான் வருடக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன். எல்லாப் போனிலும் தெரிவதால் எல்லாப் போனிலும் இருப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள். இருப்பது ஒரே தொட்டி. அதற்கு நாலு குழாய். எந்தக் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வரும், அதனால் நாலு தொட்டி இருப்பதாக நினைப்பு. ஒருவர் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் நாலு குழாயும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். காப்பி என்பது வேறு. அது இன்னொரு தொட்டி, முடிந்தால் இன்னொரு வீட்டில். மதினிக்கு உடனே புரிந்தது. புரிந்து என்ன பயன் என்கிற முகத்தோடு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் விடுவதாக இல்லை. பழைய போன் எங்கே என்று கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு மகன் புதுப்போன் வாங்கித் தந்தபோது பழையதைக் கடையிலேயே மாற்றிக்கொண்டார்கள். வாட்ஸப்பும் புதிதாகத் தொடங்கப்பட்டது, பழைய பேச்சு எதுவும் வரவில்லை. மதினிக்கு அண்ணன் வாட்ஸப்பில் எதுவும் அனுப்பியதே இல்லை. ஒரே வீட்டில் இருக்கிற பெண்டாட்டிக்கு யார் அனுப்புவார்கள்? மகனையும் என்னையும் நேராகக் கூப்பிட்டுப் பேசிவிடுவார். பேசி வைத்த போன் எங்கேயும் தங்குவதில்லை. மகன் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். அண்ணன் பல இடங்களில் வருகிறார், சிரிக்கிறார், வாய் ஓயாமல் அசைகிறது. மேலே முழுக்க சினிமாப் பாட்டு. அந்த வீடியோக்காரர் கையில் கிடைத்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முகம் இறுகியிருந்தது. கடைசியில் போனில் எதையோ எழுதி என்னிடம் நீட்டினார். நான் வாசித்துவிட்டு மறைக்கப் பார்த்தேன். அதற்குள் மதினி வந்து வாங்கிவிட்டார்.

'நான் உசுரோட இருக்கேன்ல. செத்தவன் மாதிரி எதுக்குத் தேடுறீக.'

மதினி அதை நிதானமாக வாசித்தார். போனைத் திருப்பி அவர் மடியில் வைத்தார்.

"இருக்கீக. யாரு இல்லன்னா? நீங்க இருக்கணும்னுதான வேண்டாத சாமியில்ல. ஆனா என்னையக் கூப்பிட ஆளில்லையே. வாசல்ல வரும்போதே 'ஏ இந்தா'ன்னு ஒரு சத்தம் குடுப்பீக. இப்ப வந்து நிக்கிறதே தெரிய மாட்டேங்குது. திரும்பிப் பாத்தாத்தான் தெரியுது."

அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் மதினி இன்னும் உடைந்துபோவார் என்று தெரியும். சங்கடம் வந்தால் நான் ஏதாவது வேலையில் இறங்கிவிடுவேன். "வாங்க மதினி, உங்களுக்குத் தனியா ஒரு மெயில் கணக்கு ஆரம்பிப்போம்" என்றேன். அந்த வேளைக்குச் சம்பந்தமில்லாத பேச்சுதான். மதினி மறுக்காமல் வந்து உட்கார்ந்தார்.

பெயர் கேட்டது. தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். பிறந்த நாள் கேட்டது. ஆதார் அட்டையில் உள்ளதைச் சொல்லிவிட்டு, "ஆனா அது பொய்யி" என்றார். பாஸ்வேர்டு கேட்டபோது என்னைப் பார்த்தார். "நான் பாக்கல. எனக்குச் சொல்லக்கூடாது. பிள்ளைக பேரு, போன் நம்பரு எதையும் போடாதீக. நீங்க மட்டும் நெனைக்கிற மாதிரி ஒண்ணு, நீளமா" என்றேன்.

"அவுககிட்டயும் சொல்லக்கூடாதா?"

"கூடாது."

மதினிக்கு அது விசித்திரமாக இருந்தது. ஒளித்து வைக்க எதுவுமே இல்லாத கல்யாண வாழ்க்கை அவருடையது. நெடுநேரம் யோசித்து, திரையை முந்தானையால் மறைத்துக்கொண்டு தட்டினார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறந்துபோனால் மீட்பதற்கு ஒரு நம்பர் வேண்டும் என்றது. எப்போதும் ரீசார்ஜ் செய்து கையில் வைத்திருக்கும் நம்பரைத்தான் தர வேண்டும், பெட்டியில் கிடக்கும் பழைய சிம்மைத் தந்தால் வீட்டுச் சாவியைத் தெருவில் போட்ட கதைதான் என்று சொல்லிக்கொடுத்தேன். வேறு போனிலிருந்து யார் நுழையப் பார்த்தாலும் மதினி போனுக்குக் கேள்வி வரும்படி இரண்டாவது பூட்டும் போட்டேன். எல்லாம் முடிந்ததும் காலியாகக் கிடந்த போட்டோப் பக்கத்தை மதினி தடவிப் பார்த்தார்.

"சுத்தமா ஒண்ணுமில்ல" என்றார்.

பொழுது சாய்ந்த பிறகு அண்ணன் தோட்டத்திலிருந்து வந்தார். மதினி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினார். குமுளி வியாபாரிக்கு எழுதிய செய்தி அது. இன்னும் அனுப்பவில்லை.

'தொண்டையில ஆப்பரேசன். பேச்சு போச்சு. அதனாலதான் போன் எடுக்கல, தப்பா நெனைக்க வேணாம். நான் அனுப்புன பழ வீடியோ எதும் ஒங்ககிட்ட இருந்தா திருப்பி அனுப்பணும். வீட்ல கேக்குறாக.'

இதை எழுத அவருக்கு என்ன பாடு இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்த விஷயத்தை வியாபாரிகளிடம் மட்டும் அவர் மறைத்து வைத்திருந்தார். பேரம் பேச முடியாத விவசாயியை எவன் மதிப்பான் என்று ஒரு நினைப்பு. குமுளிக்காரர் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். மதினிதான் எடுத்து, "வெளிய போயிருக்காக" என்று சொல்லுவார். அதையே கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் வியாபாரி கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அதன் பிறகு பழமெல்லாம் உள்ளூர்க் கமிஷன் கடைக்கே போயிற்று.

நான் அனுப்பட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்து, தானே அனுப்பினார்.

மறுநாள் விடிந்ததும் பதில் வந்தது. எழுத்து இல்லை, குரல்.

"சேட்டா, நான் ஒண்ணும் அறிஞ்சில்ல. நீங்க வேற ஆளுக்குக் கொடுக்கறதுன்னு நெனச்சுப் போயி. வீடியோ இருக்கு. பழைய போன்ல இருந்தது கொஞ்சம் போச்சு, பாக்கி உண்டு. நான் எதையும் களையறதில்ல."

பின்னாலேயே வீடியோக்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. முன்பு இருந்ததில் கால்வாசிகூட இருக்காது. அண்ணன் ஒன்றையும் திறக்கவில்லை. மதினி அடுப்படியில் எனக்காகப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடலாமா என்று அண்ணன் கண்ணால் கேட்டார். "மொதல்ல பத்திரப்படுத்துவோம், அப்பறம் காட்டுவோம்" என்றேன். சந்தோஷத்தில் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்து, விரல் பட்டு ஒன்று அழிந்துபோனால் நான் எங்கே போவேன்?

லேப்டாப்பில் ஏற்றினேன். பென்டிரைவில் ஒரு காப்பி போட்டேன், அது என்னோடு தேனிக்கு வரும். மதினியின் புதிய கணக்கில் இன்னொன்று. எடுத்து வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் திறந்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பத்திரமாக இருப்பதாக நம்பிப் பல வருடம் வைத்திருந்து, தேவைப்பட்ட நாளில் திறக்காமல் போன கோப்புகளை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் பென்டிரைவில் இருந்த வீடியோக்களைச் சத்தத்தை அடைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். படம் ஓடியது. குரல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? கடைசி வீடியோவுக்குச் சத்தத்தைத் திறந்துவிட்டேன். எவ்வளவு திறந்தேன் என்று கவனிக்கவில்லை.

பந்தலில் கொத்துகள் தொங்கின. தூரத்தில் மாதா கோயில் மணி அடித்தது. "காம்பு பச்சையா இருக்கு பாருங்க. இன்னைக்கு வெட்டுனா நாளைக்கு உங்க கடையில. பெறகு எம்மேல வருத்தப்படக்கூடாது" என்று அண்ணன் வியாபாரியிடம் சொன்னார். நிறுத்த மறந்துவிட்டார் போல, கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. இலைகள் ஆடின. போனைக் கீழே இறக்கிக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"ஏ இந்தா, இங்கன வா."

"இந்தா வாரேன்" என்றார் மதினி அடுப்படியிலிருந்து.

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். வீடியோ முடிந்திருந்தது. விஷயத்தைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, லேப்டாப்பையும் பார்க்கவில்லை. நேராக அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"என்ன வேணும்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு மதினியைப் பார்த்து, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று கையால் காட்டினார். அவர் பக்கத்திலேயே செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. மதினி அதைத் தாண்டி, வேறு தண்ணீர் எடுத்து வர உள்ளே போனார்.